என் போர்டும் அக்காவின் கெட்டிலும்

என் போர்டைப் பற்றி நானே பெருமை பேசுவது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் பேசுவதில்லையே, என்ன செய்ய? வீடு கட்டி முடிந்ததும் தரைக்கல்லைப் பாராட்டுவார்கள். கதவுப் பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பால் காய்ச்சும்போது அடுப்பைக்கூடப் படம் பிடிப்பார்கள். அந்த வீட்டைக் கட்டுவதற்கு ஒன்றரை வருடம் கரண்டு கொடுத்த தற்காலிக போர்டு அதற்குள் கழற்றப்பட்டு என் வேனின் பின்பக்கம் கிடக்கும். அது இல்லாவிட்டால் ஒரு செங்கல் ஏறியிருக்காது என்று யாரிடமாவது சொன்னால், ‘ஓ, அப்படியா’ என்பார்கள். அவ்வளவுதான்.

நான் வயர்மேன். லைசென்ஸ் உள்ள வயர்மேன். இதையும் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீடு ஈப்போவில். காலையில் வேனை எடுத்துக்கொண்டு கோப்பெங் பக்கம் போவேன். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனை ஏறி, இப்போது இரட்டை மாடி வீடுகள் முளைக்கிற ஒரு நிலத்தில் என் போர்டு நின்றது. இரும்புச் சட்டத்தில் அடித்த ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, மழைக்கு ஒரு தகரக் கூரை. பலகைக்குப் பின்னால் ஒயர்கள் எல்லாம் கிளிப் போட்டு, வகிடெடுத்த தலை மாதிரி வரிசையாக இறங்கும். அந்த வரிசையைக் காட்டுவதற்கென்றே சில பேரை நான் போர்டுக்குப் பின்னால் கூட்டிப் போயிருக்கிறேன். பலர் அங்கே வந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சாமான்களிலேயே எனக்குப் பிடித்தது டிரிப் சுவிட்ச். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போன ஆள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டே இருக்கிற மாமியார் அது. சிவப்பு ஒயரில் போன கரண்டு அவ்வளவும் கறுப்பு ஒயரில் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கேயோ வழி தவறி மண்ணுக்குள்ளோ ஒரு மனிதனின் உடம்புக்குள்ளோ இறங்குகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் வெட்டிவிடும். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி டிரிப் கேட்டேன். ‘ஒண்ணு போதும்லா’ என்று தளத்து சூப்பர்வைசர் சொல்லிவிட, மொத்த போர்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் வந்தது. ஆகவே எங்கே கோளாறு என்றாலும் எல்லாமே நிற்கும். கம்பி வளைக்கும் மெஷின், மர வாள், தண்ணீர் பம்பு, எல்லாம்.

அந்தத் தளத்தில் நான் செய்த முதல் போர் சாத்தே குச்சியோடு, கறி கோத்துச் சுடுகிற மூங்கில் குச்சியோடு, நடந்தது. வேலையாட்களுக்கு பிளக் என்றால் அலர்ஜி. ஒயரின் இரண்டு நுனியையும் உரித்து, சாக்கெட் ஓட்டைக்குள் நேராகச் செருகி, அது விழாமல் இருக்க சாத்தே குச்சியை ஒடித்துப் பக்கத்தில் சொருகிவிடுவார்கள். குச்சியில் சில சமயம் நிலக்கடலையில் செய்த கச்சான் குழம்பு ஒட்டியிருக்கும். நான் பார்த்த இடத்திலேயே பிடுங்கி, வாரா வாரம் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அந்தக் குச்சிகளைக் கையில் தூக்கிக் காட்டிப் பேசுவேன். வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிற கூட்டம் அது. ‘சாமி ஆடுறாரு’ என்று பின்வரிசையில் யாரோ சொல்வது என் காதில் விழும். விழாத மாதிரி இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவேன்.

எனக்குக் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சும்மா வருகிற கோபம் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு தளத்தில், ஈரத்தில் கிடந்த ஒயரை மிதித்த ஒருவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே டிரிப் சுவிட்சைக் கழற்றி எறிந்திருந்தார்கள், அடிக்கடி வெட்டித் தொல்லை கொடுக்கிறதென்று. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இனி அக்கா. தளத்தின் ஓரத்தில், வேலையாட்கள் தங்கும் கொங்சிக்குப் பக்கத்தில், தகரம் போட்ட கேன்டீன் அவருடையது. கறியையும் கூட்டையும் வீட்டில் ஆக்கிக் கொண்டுவருவார். தளத்தில் கேஸ் தோம்பு வைக்கக் கூடாது என்று விதி, அதனால் இங்கே சோறும் தேத்தண்ணியும் மட்டும் கரண்டில். ஒரு ரைஸ் குக்கர், ஒரு மின்விசிறி, அப்புறம் இருபது பேருக்கு ஒரே தடவையில் தண்ணீர் கொதிக்கிற பெரிய கெட்டில். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பதற்கு இருவரும் ஐசி அடையாளக் கார்டை எடுத்துக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். தோட்டத்து லய வீடுகள் இருந்த இடத்தில்தான் இப்போது கான்கிரீட் தூண்கள். ஒரு நாள் பிளானைக் கேட்டு வாங்கி, விரலை வைத்துத் தேடி, “இந்தா, இங்கதான் நான் பொறந்தேன். நாப்பத்தி ரெண்டாம் நம்பரு வீட்டு கக்கூஸு” என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்புக்கு சூப்பர்வைசரே தேத்தண்ணியைக் கொட்டிக்கொண்டார். புருஷன் இல்லை, மகளைப் பாகான் செராயில் கட்டிக் கொடுத்தாயிற்று. ‘எங்கூட வந்துரும்மா’ என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். “அங்க போயி சும்மா உக்காந்து வயலப் பாத்துக்கிட்டு இருக்க சொல்றா. எனக்கு இந்தக் கடைதான்ணே கை காலு. இது இல்லாட்டி நான் படுத்துருவேன்” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் ஒரு கரண்டி கூடுதல் சாம்பாருக்காகத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன், அவ்வளவுதான் கவனம்.

ஆயுத பூசை வந்தது. தளத்தில் இருந்த தமிழர்கள் என்று பார்த்தால் நாங்கள் இருவர், இரண்டு லாரி டிரைவர்கள், மண் தோண்டும் பேக்ஹோவை ஓட்டுகிற ஒருவர். ஆனால் பூசை என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள், சுண்டல் இருக்கிறதே. லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பேக்ஹோவின் கைக்கு மாலை. அக்கா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு என் போர்டைப் பார்த்து வந்தார்.

“அக்கா! நில்லுங்க! அது போர்டு, மாரியாத்தா இல்ல, தண்ணி ஊத்துறதுக்கு!”

“ரெண்டே சொட்டுண்ணே. ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குது, அதுக்குச் செய்யாம வேற எதுக்குச் செய்யறது?”

அந்த வார்த்தை என்னைக் கவிழ்த்துவிட்டது. என் போர்டை ஒருத்தர் மதித்துவிட்டாரே! இருந்தாலும் விறைப்பாக, “காலடியில மட்டும் தெளிங்க” என்றேன். இரும்புக் காலடியில் இரண்டு சொட்டுத் தெளித்தார். பிறகு, லயம் இடிபட்டபோது எடுத்து வைத்திருந்த கண்ணாடி போட்ட முருகன் படம் ஒன்றைக் கொண்டுவந்து, “இது என் வீட்டுல மாட்ட எடம் இல்ல. போர்டுல இருக்கட்டுமா?” என்று கேட்டார். பேக்ஹோக்காரர் சுத்தியலை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் போர்டில் வேறு எவனும் கை வைக்கக் கூடாது. வேனிலிருந்து டிரில்லை எடுத்து வந்து, பெட்டிக்கு மேலே பிளைவுட்டில், மட்டம் பார்த்து, நீளமான ஸ்குரூ ஒன்றை நானே ஏற்றிப் படத்தை மாட்டினேன். நேராக இருக்கிறதா என்று மூன்று தடவை தள்ளி நின்று பார்த்தேன். முருகன் நேராகத்தான் இருந்தார்.

மறுநாள் வேலை இல்லை. அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு அக்கா கெட்டிலைப் போட்டார். டப்பென்று மொத்தத் தளமும் நின்றது. கம்பி மெஷின் பாதி வளைத்த கம்பியோடு நின்றது. நாலா பக்கமும் வேலையாட்கள் “ஹபிஸ்! ஹபிஸ்!” என்று கத்தினார்கள். மலாயில் முடிந்தது என்று அர்த்தம். அதைச் சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். கெட்டிலை மறுபடி போட்டார். டப். ஹபிஸ்.

மின்விசிறி போட்டால் ஒன்றும் இல்லை. விளக்குப் போட்டால் ஒன்றும் இல்லை. கம்பி மெஷின் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் இல்லை. கெட்டிலோ ரைஸ் குக்கரோ போட்டால் டப். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“கெட்டில் போச்சுக்கா. உள்ள கம்பி ஓட்டையாயிருக்கும்.”

மறுநாள் புதுக் கெட்டிலோடு வந்தார். டப்.

“உங்க கடை தரை ஈரம். சுவரு ஈரம். எல்லாம் கசியுது.”

ரப்பர் பாய் வாங்கிப் போட்டார். நான் கேன்டீனுக்குள் இருந்த ஒயரை மாற்றினேன். டப்.

“பூசையன்னிக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சீங்கள்ல? சொன்னேனா இல்லையா?”

“காலடியிலதானேண்ணே தெளிச்சேன், நீங்க சொன்ன எடத்துலதான்.”

“தண்ணிக்குக் காலு முளைக்கும்க்கா.”

இப்படி ஒரு வாக்கியத்தை லைசென்ஸ் வாங்கிய ஒரு மனிதன் வாயைத் திறந்து சொன்னான். நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நடுவில் அக்கா ஒரு காரியம் செய்தார். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போய், அங்கே சொருகித் தண்ணீர் சுட வைத்துவிட்டு வந்தார். “அண்ணே, அங்க போட்டா போவ மாட்டேங்குதே?” என்று மெல்லக் கேட்டார். யோசிக்க வேண்டிய கேள்வி. நான் யோசிக்கவில்லை. ஆபீசுக்கு வேறு போர்டு, நான் போட்டதில்லை, அதனால் என் கண்ணில் அது மட்டம். “அங்க இருக்கிற டிரிப்பு சோம்பேறிக்கா. செத்தாகூட வெட்டாது” என்றேன். அவர் கெட்டிலைத் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசியில் சோதனை மெஷினை எடுத்துவந்து, போர்டிலிருந்து கேன்டீன் வரை ஓடுகிற லைனைச் சோதித்தேன். சிவப்பு ஒயரிலிருந்து மண்ணுக்குக் கசிவு இருக்கிறதா? இல்லை. சுத்தம். கறுப்பையும் அதே மாதிரி சோதிக்க வேண்டும், அதற்கு இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் போர்டு, என் ஒயர், என் கிளிப். எதற்கு? மூடிவிட்டு வந்தேன்.

சூப்பர்வைசர் சீனர். கோப்பெங்கில் தோட்டத்துக்குப் பக்கத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். ஒரு வாரமாக டப், ஹபிஸ் கேட்டுக் கேட்டு அவருக்கு முகம் வெந்திருந்தது. வியாழக்கிழமை என்னையும் அக்காவையும் போர்டுக்கு முன்னால் நிற்க வைத்தார்.

“மச்சான், இன்னிக்கு எத்தன தடவ?”

“நாலு, பாஸ்.”

“அந்த டிரிப்ப கழட்டிட்டு டைரக்ட் குடுத்துரு. வேல ஓடணும்லா.”

இங்கே நான் எழுந்து நின்றேன். ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் எழுந்தேன். அந்த டிரிப்பைக் கழற்றுவதென்றால் முதலில் என்னைக் கழற்றுங்கள் என்றேன். பழைய தளத்தில் பார்த்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது, அது நடிப்பு இல்லை. அதில் மட்டும் நான் சொன்னது சரி, இன்றைக்கும் சரிதான். சூப்பர்வைசர் கையைத் தூக்கி, “சரி சரி, கழட்ட வேணாம். நீ இப்பிடியே கத்துனா உன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் கொண்டு விடணும். அப்ப கோளாறு எங்க? உன் லைன்லயா, அக்கா கடையிலயா?” என்றார்.

“லைன் சுத்தம், பாஸ். சோதிச்சுப் பாத்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. சூப்பர்வைசர் அக்காவைப் பார்க்காமல் பேசினார்: சனிக்கிழமையோடு கேன்டீன் வேண்டாம், வேலையாட்கள் வெளியே வேனில் வருகிற மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடட்டும். அக்கா என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ‘இவரே சொல்லிட்டாரு, அப்ப நம்ம மேலதான் இருக்கும்’ என்று நம்பிவிட்ட மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அக்கா தட்டுகளைப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிவாக்கில் போர்டுக்குப் பக்கத்தில் வந்து, “படத்த எடுத்துக் குடுத்துர்றீங்களாண்ணே? பாகான் செராய் வீட்டுல மாட்டிக்கிறேன்” என்றார். அப்படியானால் மகளிடம் போகவே முடிவு செய்துவிட்டார். ‘கை காலு’ என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. படத்தை இறக்கிக் கொடுத்தேன். அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கடைசியா ஒரு தேத்தண்ணி போட்டுட்டுப் போறேன். போனா போவட்டும், வேல முடிஞ்சிருச்சுல்ல” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காலி ஸ்குரூ பலகையில் துருத்திக்கொண்டிருந்தது. என் போர்டில் அசிங்கமாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. மெயினை நிறுத்தக்கூட இல்லை, டிரில்லைத் திருப்பிப் போட்டு அதைக் கழற்றினேன். கையில் விழுந்ததும் பார்த்தேன். நுனி கறுத்திருந்தது. அதன் மரையில் மெல்லிய செம்புத் துருவல் ஒன்று சுற்றிக்கொண்டு மினுங்கியது. பிளைவுட்டில் செம்பு ஏது?

போர்டுக்குப் பின்னால் போனேன். ஊருக்கெல்லாம் காட்டிய என் ஒயர் வரிசை. அதில் கேன்டீனுக்குப் போகும் ஒயரின் நடுவே சின்னதாக ஒரு ஓட்டை. ஸ்குரூ அதன் கறுப்பு ஒயரைக் குத்தி, பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைப் போய்த் தொட்டிருக்கிறது. திரும்பி வருகிற கரண்டில் கொஞ்சம் அதன் வழியாக இரும்புக்கும் மண்ணுக்கும் நழுவியிருக்கிறது. கம்பி மெஷினுக்குப் போகிற ஒயரே வேறு; விசிறி, விளக்கு என்றால் நழுவுவது அற்பம், மாமியார் கண்ணில் படாது. கெட்டில் போட்டால் நிறையத் திரும்பும், நிறைய நழுவும், உடனே வெட்டு. டிரிப் ஒரு வாரமாகத் தினமும் நாலு தடவை என்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அக்காவைக் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் கேன்டீன் பக்கமிருந்து ஒரே சத்தம். கெட்டில் கொதிக்கிறது! வேலையாட்கள் தட்டைத் தட்டிக் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஸ்குரூவை நான் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கை தானாகப் போட்டது என்று சொல்ல ஆசைதான், தானாகப் போகவில்லை.

“என்ன மச்சான் செஞ்ச?”

“லைன்ல ஒரு சின்னக் கோளாறு, பாஸ். கண்டுபிடிச்சுட்டேன்.”

“அப்ப அக்கா சாமான் இல்லையா?”

“இல்ல. அவங்க சாமான் நல்லாத்தான் இருக்கு.”

“நீ கெட்டிக்காரன்லா! அக்கா, திங்கக்கெழம கட தொறங்க. வேன் வேணாம், அந்த மீ கோரெங் வாயில வைக்க முடியல.”

அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து என்னைக் கும்பிட்டார். “நீங்க இல்லாட்டி நான் போயிருப்பேண்ணே. நல்லா இருக்கணும் நீங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். வெட்கம்கெட்டவன், தலையை ஆட்டினேன்! கொண்டுபோகச் சொல்லி மீதமிருந்த ஆட்டுக்கறியை முழுதாகக் கட்டிக் கொடுத்தார். அவர் போனதும் மெயினை நிறுத்தி, அந்த ஒயரை மாற்றி, கறுப்பையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஐந்தே நிமிடம்தான் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சலவை மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். என் மனைவி மெஷினை நிறுத்தி, துணிக்குள் துழாவி, ஸ்குரூவை எடுத்துக்கொண்டு வந்தாள். “என்னாங்க இது, பையில சாமான் கட வச்சிருக்கீங்களா?” என்றாள். அவளிடம் மட்டும் எனக்குப் பொய் ஓடாது. சொன்னேன். அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஊர்ல இருக்கிற சாத்தே குச்சியெல்லாம் புடுங்குன மனுசன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “சரி, அந்த அக்காட்ட சொல்லிட்டீங்கள்ல?” என்று கேட்டாள்.

“அதான் கட தொறந்தாச்சே.”

மத்தியானம் சோறு போட்டாள், சூடு பண்ணிய ஆட்டுக்கறியை ஊற்றினாள், தட்டுக்குப் பக்கத்தில், ஊறுகாய் வைக்கிற மாதிரி, ஸ்குரூவை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கறியை என்னால் விழுங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நான் போர்டுக்கு வந்தபோது அக்கா எனக்கு முன்னால் அங்கே நின்றார். ஒரு கையில் முருகன் படம், இன்னொரு கையில் சிவப்பு ராஃபியா கயிறு.

“இங்கயே இருக்கட்டும்ணே. ஆனா கயித்துல கட்டுங்க. ஸ்குரூ வேணாம்.”

“ஏன்க்கா?”

“சனிக்கெழம நீங்க ஸ்குரூவக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பறந்தான் நான் சுவிச்சத் தட்டுனேன். கொதிச்சிருச்சு.” அதைக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “நான் படிக்காதவதான். ஆனா காது இருக்குல்ல.”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா என்னைக் கும்பிட்டீங்க?”

“கழட்டுனதும் நீங்கதானே?”

நான் அவரைக் கடையிலிருந்து அனுப்பப் பார்த்தேன். அவர் என்னை பாஸுக்கு முன்னால் காப்பாற்றிவிட்டார். இரண்டு நாளாக அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அவர் பார்ப்பதற்குள் குனிந்து கயிற்றைக் கட்டினேன். வழக்கமாக ஒரே முடிச்சில் கட்டுகிறவன், அன்று நாலு முடிச்சுப் போட்டேன். பிறகு நேராகக் காலைக் கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் சாத்தே குச்சிப் பேச்சுக்குத் தயாராக, கையைக் கட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் நின்றார்கள். பையிலிருந்து ஸ்குரூவை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

“இது என்னோடது. நான்தான் அடிச்சேன், ஒயர்ல. ஒரு வாரமா கரண்டு போனது என்னாலதான். அக்கா கெட்டில் இல்ல, குக்கர் இல்ல, மஞ்சத் தண்ணியும் இல்ல. லைன் சுத்தம்னு சொன்னது பொய். பாதிதான் சோதிச்சேன்.”

மலாயிலும் ஒரு தடவை சொன்னேன், யாருக்கும் விளங்காமல் போய்விடக் கூடாதென்று. பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ கூவினார்கள்: “ஹபிஸ்!”

தளமே சிரித்தது. சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு அடி வைத்தார், கொஞ்சம் பலமாகவே வைத்தார். சிரிப்பு அடங்கியதும் தலையைத் திருப்பி, கேன்டீன் பக்கமாகக் குரல் கொடுத்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். வியாழக்கிழமை அவர் முகத்தைப் பார்க்காமல் பேசியவர், இப்போது பார்த்துக் கேட்டார். நானும் கேட்டேன். அக்கா கையை அசைத்து, “போயி வேலயப் பாருங்க” என்றார்.

ஒன்பதரை மணி ஆனது. கேன்டீன் வாசலில் அக்கா வந்து நின்று, தளம் முழுக்கக் கேட்கும்படி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

“அண்ணே! கெட்டில் போடட்டா?”

கம்பி மெஷின் நின்றது. மர வாள் நின்றது. அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“போடுங்கக்கா” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பதரைக்குக் கேட்கிறார். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரு நாள்கூட என்னைக் கேட்காமல் கெட்டிலைப் போட்டதும் இல்லை.